மாறி ஏறும் இடம்

பிறையில் ஒரு கல்யாண மண்டபம்.
இரண்டாம் சரணத்தில் என் குரல் முறிந்தது.
முறிந்தது என்பது பெரிய சொல்.
ஈரச் செருப்பு வழுக்கும்போது
தரையில் ஒரு சத்தம் வருமே, அது.
பிரியாணிக்குக் காத்திருந்த பையன் ஒருவன்
அப்படியே செய்து காட்டினான்.
கீபோர்டு ஆசீர்வாதம் அடுத்த பாட்டை
ஒன்றரைக் கட்டை இறக்கி வாசித்தார்,
என்னைக் கேட்காமலே.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே கேமரா விட்டார்கள்.
மின்னி மின்னி எரியும் விளக்கில்
திரையில் பார்த்தேன்.
இவ்வளவுதானா?
மேடைக்கு மேடை நான் அடித்து விரட்டியது
கட்டைவிரல் நகத்தளவு
இரண்டு வெள்ளை மடிப்புகளையா?
கீழே பாடச் சொன்னார்கள்:
தடித்துக் குறுகி, உதடுகள்போல் அறைந்துகொண்டன.
மேலே போகச் சொன்னார்கள்:
நீண்டு, மெலிந்து, ஓரம் மட்டும் அதிர்ந்தது,
பட்டம் போன பிறகும் நடுங்கும் நூல்.
நடுவில் ஓரிடம்.
தடித்திருப்பதா மெலிவதா என்று
அவற்றுக்கே தெரியாத இடம்.
ஈரச் செருப்பு அங்கேதான் வழுக்குகிறது.

"ஜாங்ஙான் தோலாக்" என்றாள் நூருல் ஹிடாயா,
பேச்சுப் பயிற்சிப் பிரிவு,
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
தள்ளாதே.
இந்த ஊரில் கடைக்குக் கடை கண்ணாடிக் கதவில்
தோலாக் என்றுதானே எழுதியிருக்கிறது.
இருபது வருடமாக
என் தொண்டையிலும் அதை ஒட்டி வைத்திருந்திருக்கிறேன்.

கொடிமலை ரயிலில் கேபிள் பார்ப்பது என் வேலை.
விடியுமுன், சனம் ஏறுமுன்,
காலிப் பெட்டி ஒன்று மேலே போய்வரும்.
அதில் நானும், பையில் கட்டிய தே ஓ ஒன்றும்.
ஸ்ட்ராவை உதட்டில் இறுக்கி
தேத்தண்ணிக்குள் ஊ என்று பாட வேண்டும்,
கீழிருந்து மேலே, இழைத்துக்கொண்டு.
குமிழ் அறுந்தால் பயந்துவிட்டேன்.
தெறித்தால் தள்ளிவிட்டேன்.
முதல் மாதம் சட்டையெல்லாம் கறை.

பழைய ரயிலில் பாதி மலையில் இறங்கி
வேறு பெட்டிக்கு மாறி ஏற வேண்டும்.
குடையும் பிள்ளையும் பொட்டலமுமாய்
சனம் முட்டி மோதும்.
இப்போது ஒரே இழுப்பு.
மலை அதே மலைதான்,
ஓர் அடி குறையவில்லை.

மெலிவு, சமன், வலிவு.
அடிக்குரலுக்கு மெலிவு, உச்சத்துக்கு வலிவு
என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள் நம் ஆட்கள்.
பெயரை நம்பிக் கெட்டவன் நான்.
வலிவு என்றால் வலிமை,
வலிமை என்றால் கழுத்து நரம்பு,
கொஞ்சம் வலியும் இருக்கும்போல என்று.
திரையில் பார்த்ததோ
மேலே போகப் போக மெலிகிறது.
மெலிந்தபடியே மூடத் தெரிந்தால்
அதற்குப் பெயர்தான் வலிவோ என்னவோ.

கள்ளக்குரல் என்பார்கள் எங்கள் குழுவில்.
ஆண் பாடினால் இன்னொரு சொல்லும் சேர்ப்பார்கள்.
அந்தக் கள்ளனைத்தான் தினமும்
முதல் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.
உச்சந்தலையில் தொடங்கி
நெஞ்சுவரை இறக்கிக்கொண்டு வருகிறேன்,
வழியில் இருவரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.
ஏழு வாரம் முகம் கொடுக்கவில்லை.
எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்,
சுரங்கத்து இருட்டுக்குள்
எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று
எனக்கே பிடிபடவில்லை.
திரும்பப் பாடினேன். வரவில்லை.
புதனும் வரவில்லை.

புக்கிட் மெர்தாஜாம், ஒரு நிச்சயதார்த்தம்.
அதே பாட்டு.
இரண்டாம் சரணம் வந்தது, போனது.
யாரும் கைதட்டவில்லை.
யாரோ மேசைக்கடியில் கார் சாவி தேடினார்கள்.
ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார்,
குனிந்து கீபோர்டைப் பார்த்தார்.
"நான் கட்டை எறக்கவே இல்லியே?" என்றார்,
தன் விரல்கள்மேல் சந்தேகம் வந்தவராய்.